மின்னல் அடித்தால் யார் பொறுப்பு?

(மட்டக்களப்பு வாவிக்கரைத் தோட்டங்களின் அங்கத்தவர் குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தீபாவளி நெருங்குகிறது. முற்பணம் கைக்கு வந்ததும் நமது பல வீடுகளில் முதலில் எழும் பேச்சு டிவி. பழையது கோடு கோடாகக் காட்டுகிறது, பிள்ளைகள் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்க்கிறார்கள், இந்த முறை புதிதாக ஒன்று எடுப்போம் என்கிறோம். அதில் பிழை இல்லை. நாள் முழுக்கத் தேங்காய் உரித்துவிட்டு வருகிறவருக்கும், கஜு பொறுக்கிவிட்டு வருகிறவருக்கும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாடகம் பார்க்க உரிமை உண்டு. டிவி வாங்காதீர்கள் என்று சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. பில் போடும் நேரத்தில் கடையில் இன்னொரு தாளை நீட்டுகிறார்களே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

"கம்பனி உத்தரவாதம் ஒரு வருடம்தான். இன்னும் கொஞ்சம் கட்டினால் மேலும் இரண்டு வருடத்துக்குப் பயமில்லை" என்பார்கள். அதுதான் நீடித்த உத்தரவாதம், எக்ஸ்டெண்டட் வாரண்டி.

நமது அங்கத்தவர் குடும்பம் ஒன்று அப்படிக் கட்டியது. டிவியும் தவணைக்கு, உத்தரவாதமும் தவணைக்கு. இரண்டாம் வருடம் ஐப்பசியில் பின்னேரம் இடி இடித்தது. டிவி அணைந்தது, பிறகு எரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். திறந்து பார்த்துவிட்டு, "இது மின்னல் அடித்தது. மின்னலுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார்கள். தாளின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் அது இருந்தது. எரியாத டிவிக்கு அந்தக் குடும்பம் மாதா மாதம் தவணை கட்டி முடித்தது.

தோழர்களே, இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சாதாரணமாக உத்தரவாதம் எதற்கு? பொருள் செய்த இடத்தில் நேர்ந்த குறைக்கு. அப்படியான குறை பெரும்பாலும் முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும். அதற்குக் கம்பனி உத்தரவாதமே போதும். அதற்குப் பிறகு நமது பக்கத்தில் டிவியைக் கெடுப்பது எது? இடைப்பருவ மழைக்கால மின்னல். கூடிக் குறையும் கரண்ட். வாவிக் காற்றின் உப்புப் பிடித்துத் துருவேறுவது. உள்ளே கூடு கட்டும் எறும்பு. மாரி வெள்ளம். பந்து பட்டு உடையும் திரை. உத்தரவாதத் தாள்கள் பெரும்பாலும் "இவற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று தள்ளி வைப்பது இவற்றைத்தான். நமக்கு வரும் கேடு ஒன்று, அவர்கள் காசு வாங்குவது இன்னொன்றுக்கு.

இப்போது கணக்கைப் பார்ப்போம். டிவி 90,000 ரூபாய், நீடித்த உத்தரவாதம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உள்ள நமது உறவுகள் நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டு எத்தனை வருடம் போராடினார்கள்! 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் 9,000 ரூபாய் என்றால் ஒன்பது நாள் பேர். ஒன்பது நாள் வெயிலில் நின்றதை ஒரு தாளுக்குக் கொடுக்கிறோம். தவணையோடு சேர்த்து எடுத்தால் அந்த 9,000 ரூபாய்க்கும் வட்டி ஏறும்.

அதே காசை மாதர் சங்கச் சீட்டிலோ தபால் கந்தோர் புத்தகத்திலோ போட்டு வைத்தால், டிவி பழுதானால் திருத்தலாம். பழுதாகாவிட்டால் பிள்ளைக்குக் கொப்பி வாங்கலாம். டிவிக்கு என்று வைத்த காசு சைக்கிளுக்கும் உதவும், காய்ச்சலுக்கும் உதவும். உத்தரவாதத் தாள் டிவியைத் தவிர வேறெதற்கும் உதவாது.

அப்படியானால் ஒருபோதும் எடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. நான்கு கேள்வி கேளுங்கள். மின்னலுக்கும் கரண்ட் கூடிக் குறைவதற்கும் உத்தரவாதம் உண்டு என்று எழுத்தில் இருக்கிறதா? பொறுப்பு எடுப்பது கம்பனியா, கடையா, இன்சூரன்ஸா? கடையை மூடினால் யாரிடம் போவது? திருத்துகிறவர் வீட்டுக்கு வருவாரா, இல்லாவிட்டால் படுவான்கரையில் இருப்பவர் மண்டூர்த் துறையில் பெட்டியைப் பாதையில் ஏற்றி, குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டுமா? நான்குக்கும் நல்ல பதில் எழுத்தில் கிடைத்து, விலையும் குறைவாக இருந்தால் எடுங்கள். வாயால் சொன்னது போதாது.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. அன்டெனா வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். ஆனால் இடி தொடங்கிய பிறகு வயரில் கை வைக்காதீர்கள். டிவி போனால் வாங்கலாம், ஆள் போனால் வாங்க முடியாது.

சட்டமும் நமது பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நாம் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு தரவே வேண்டும். பொய் சொல்லி ஏமாற்றி விற்பது குற்றம். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்றபடி பொருள் இல்லாவிட்டால் அதிகார சபையிடம் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே தாளை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து வாசித்தால் பிந்திவிடும். வாங்கிய வாரமே வாசியுங்கள். தவணைக்கு எடுப்பவர்கள் ரொக்க விலை எவ்வளவு, தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக் கேளுங்கள்.

ஆங்கிலமோ சிங்களமோ வாசிக்கத் தெரியாது என்று வெட்கப்பட வேண்டாம். கையெழுத்து வைக்கும் முன் "தாளைத் தாருங்கள், வீட்டில் காட்டிவிட்டு நாளைக்கு வருகிறோம்" என்று சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். தந்தால் தோட்டக் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். படித்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள், உட்கார்ந்து வாசித்துச் சொல்வார்கள்.

சம்பளத்தைக் கூட்டிக் கேட்பது சங்கத்தின் வேலை. கூட்டி வாங்கிய சம்பளம் வீணாகக் கைநழுவாமல் பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான்.

நல்ல டிவியாகப் பார்த்து வாங்குங்கள். எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.