நீரை எண்ணிச் செலவிட்ட நகரம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு தை மாதத்தில், இராசத்தானத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜெய்சல்மேர் நகருக்குச் சென்று வந்தேன். அப்பயணத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். கண்ட காட்சிகளை மட்டும் சொல்லி அமர்ந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும், அங்கு நான் செய்த பிழை ஒன்றை மறைத்துவிட்டு அந்நகரைப் புகழ்ந்து பேச மனம் ஒப்பவில்லை.

ஜோத்பூரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் சென்றால் ஜெய்சல்மேர் வரும். முள்மரங்களும் மணலும் மாறிமாறி வர, தொலைவில் ஒரு குன்று மஞ்சள் நிறத்தில் எழுகிறது. அருகே செல்லச் செல்லத்தான் அது குன்றன்று, குன்றின்மேல் அமைந்த கோட்டை என்பது விளங்குகிறது. பாட்டி மரபைச் சேர்ந்த இராவல் ஜெய்சல் என்னும் மன்னர் 1156ஆம் ஆண்டில் திரிகூடக் குன்றின்மேல் இதற்கு அடிகோலினார். கொத்தளங்கள் 99. கட்டடங்கள் யாவும் மஞ்சள் மணற்கல்லால் ஆனவை. மாலை வெயில் படும்போது கோட்டை முழுவதும் பொன்னாகிறது. மற்ற ஊர்கள் பலவற்றில் கோட்டை என்றால் வெற்றிடம். இங்கோ இன்றும் சில ஆயிரம் மக்கள் உள்ளே குடியிருக்கிறார்கள். அடுப்புப் புகையும் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலும் அந்தச் சந்துகளில் உண்டு.

ஒட்டகச் சாத்துகள் சிந்து நாட்டுக்கும் அதற்கு அப்பாலும் சென்ற பாதையில் இருந்ததால் இந்நகர் செழித்தது. அச்செல்வத்தின் அடையாளமாக, பட்வா என்னும் சமண வணிகக் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐந்து மாளிகைகள் நிற்கின்றன. கல்லைச் சல்லடையாக்கியிருக்கிறார்கள். கடல் வாணிகம் பம்பாய்க்குப் பெயர்ந்தபின் அந்தச் செழிப்பும் பெயர்ந்தது.

கோட்டைக்குள் பார்சுவநாதர், சம்பவநாதர், சந்திரப்பிரபர் முதலிய தீர்த்தங்கரர்களுக்குக் கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. சுவேதாம்பர மரபினவை அவை. நம் ஊர்க் கோயில்களின் அமைதி வேறு, அவற்றின் அமைதி வேறு. எனினும் தோரணத்தின்கீழ் நின்று கைகுவித்தபோது வேற்றூரில் நிற்கும் உணர்வே எழவில்லை.

தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை ஈர்த்தது சம்பவநாதர் கோயிலின் அடியில் உள்ள ஞான பண்டாரம். 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்திர சூரி என்னும் ஆசாரியர் நிறுவிய சுவடி நிலையம் அது. பனை வளராத அப்பாலையில், வேற்று நாடுகளிலிருந்து வந்த ஓலையில் எழுதிய ஏடுகள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் இருக்கின்றன. வறண்ட காற்றும் குளிர்ந்த நிலவறையும் ஒரு காரணம். தலைமுறை தலைமுறையாக அவற்றைத் துணியில் பொதிந்து காத்தோரின் கை மற்றொரு காரணம்.

அவர்கள் தம் சமய நூல்களை மட்டும் காக்கவில்லை. 1874இல் பியூலர், யாக்கோபி என்னும் செருமானிய அறிஞர் இருவர் அங்குச் சென்றபோது, விக்கிரமாங்கதேவ சரிதம் என்னும் வடமொழிக் காவியத்தின் ஏட்டைக் கண்டெடுத்தனர். காசுமீரத்துப் பில்கணர், சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனைப் பாடியது அது. அம்மன்னன் சோழன் மகளை மணந்ததும், காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து மைத்துனனை அரியணையில் அமர்த்தியதும் அதில் வருகின்றன. நம் சோழர் வரலாற்றின் ஒரு பகுதியைத் தார்ப் பாலைவனத்துச் சமணர் நமக்காகக் காத்துத் தந்தனர்! உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணப் பெரியோரிடம் ஐயம் தெளிந்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததை இங்கு நினைத்துக்கொண்டேன். ஏடு காப்பவர்க்கும் அதைத் தேடுபவர்க்கும் சமய வேலி இருந்ததில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

கோட்டைக்குள்ளேயே ஒரு வீட்டு விடுதியில் தங்கினோம். காலையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, சாளரத்தின் வழியே சூரியோதயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாளி நிறைந்து வழிந்தது. வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். சினம் இல்லை, குரலில் வருத்தமே இருந்தது.

“மாஸ்டர்ஜி, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? எங்கள் கோட்டையின் அடிவயிற்றுக்குப் போகிறது” என்றார்.

பின்பு விளக்கினார். அவ்வூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 20 செ.மீ. அளவே, நம் சென்னையிலோ 140 செ.மீ. அவருடைய தாயும் பாட்டியும் கோட்டைக்கு வெளியே உள்ள கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் நீர் சுமந்து ஏறியவர்கள். கட்டிலில் அமர்ந்து குளித்து, கீழே வைத்த தொட்டியில் விழும் நீரை மாட்டுக்குக் கொடுத்த காலம் அது. சுற்றுப்புற ஊர்களில், மழைநீரை மண்கரையால் தேக்கி, அது நிலத்தில் ஊறியபின் அந்த ஈரத்திலேயே கோதுமை விளைத்தார்கள். காதீன் என்பது அந்த வயலின் பெயர். அத்தகைய சிக்கனத்துக்கென்று கட்டப்பட்ட கோட்டை அது. பிறகு குழாய் வந்தது, விடுதிகள் வந்தன, எம்மைப் போன்றோர் வந்தோம். கழிவுநீர் குன்றின் களிமண் அடுக்குகளில் இறங்கியது. கொத்தளங்கள் சில சரிந்தன. 1990களின் பிற்பகுதியில் உலக நினைவுச்சின்ன நிதியம், இடர்ப்பாட்டில் உள்ள சின்னங்களின் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. 2013இல் யுனெஸ்கோ, இராசத்தானத்து மலைக்கோட்டைகள் ஆறனுள் ஒன்றாக இதற்கு உலக மரபுச் சின்னம் என்னும் சிறப்பு அளித்தது. பெருமை வந்தது, நீரின் சுமை நீங்கியபாடில்லை.

பகைவரின் முற்றுகைகளைத் தாங்கிய சுவரை, அதைக் காண வந்தவன் குளித்த நீர் அரிக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் மிகுபொருள் விரும்பாமையைப் பாடமாக நடத்தியவன் நான். பொன்னும் பொருளும் மிகுதியாக வேண்டாம் என்றே அதற்கு உரை சொல்லியிருக்கிறேன். வழியும் ஒரு வாளி நீரும் மிகுபொருளே என்று எனக்கு எவரும் சொன்னதில்லை, நானும் எண்ணியதில்லை.

அன்றே கோட்டைக்கு வெளியே உள்ள விடுதிக்கு மாறினோம். பெரியவர் எங்களைத் தடுக்கவில்லை. எங்கள் வாடகை அவருக்கு வருவாய் என்பதையும் நான் அறிவேன். அவர் வாயில்வரை வந்து வழியனுப்பியபோது என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

இச்சபையில் பலர் அங்கு யாத்திரை செல்ல எண்ணியிருப்பீர்கள். கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். கோட்டைக்குள் வழிபடுங்கள், உண்ணுங்கள், பொருள் வாங்குங்கள். இரவு தங்குவதைக் கீழ் நகரில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று. என் பாட்டனார் வீட்டுப் பரணில் ஓர் ஏட்டுக்கட்டு இருந்தது. கரையான் அரித்துவிட்டது என்று சொல்லி, ஆடிப்பெருக்கன்று அதை ஆற்றில் விட்டார்கள். எனக்கு அப்போது வயது ஒன்பது. கட்டைச் சுமந்து சென்றவனே நான்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு கட்டு இருக்குமாயின், இவ்வாரமே இறக்கிப் பாருங்கள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். என்னை அழைத்தாலும் வருவேன்.