எளிய விலையில் கிராபிக்ஸ் கார்டு

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் நிற்பவர் சங்கம் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவதே மரபு. எனக்கு முன் பேசிய பெரியவர்கள் அதனை நிறைவாகவே செய்துவிட்டார்கள். எனக்கு அளிக்கப்பட்ட பொருளோ ஒரு கடைச் சாமானைப் பற்றியது. கணிப்பொறி வகுப்பிற்கென உறுப்பினர்கள் திரட்டிய நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம் என்று செயலாளர் என்னை வினவினார். இரண்டு வரியில் கடிதம் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த நிதியில் வாரக் கூலியிலிருந்து எடுத்து வைத்த பணமும் சேர்ந்திருக்கிறது என்பதை அறிந்த பின், இன்னதை வாங்குங்கள் என்று சொல்வதோடு, ஏன் அதை வாங்க வேண்டும் என்பதையும் அவையின் முன் சொல்லக் கடமைப்பட்டவனானேன்.

'வரைகலை அட்டை' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆயினும் சென்னை ரிச்சி தெருவில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே இந்த உரையில் கிராபிக்ஸ் கார்டு என்றே வழங்குகிறேன். தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

நம் வகுப்பில் உள்ள கணிப்பொறியின் திரையில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 புள்ளிகள் உள்ளன. மொத்தம் 20,73,600. இவை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அஃதாவது, ஒவ்வொரு நொடியும் 12 கோடிக்கு மேற்பட்ட முறை, ஏதோ ஒரு புள்ளியின் நிறம் என்ன என்பது முடிவு செய்யப்பட்டாக வேண்டும். ஒரே மாதிரியான சிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒருங்கே செய்து முடிக்கும் சில்லு ஒன்று இதற்கெனத் தனியே வேண்டியதாயிற்று. அச்சில்லும் அதற்குரிய நினைவகமும் சேர்ந்ததே கிராபிக்ஸ் கார்டு.

இங்கே ஒரு கேள்வியை எழுப்பாமல் மேற்செல்வது முறையன்று. கார்டு நமக்கு உண்மையிலேயே தேவையா? கடிதம் தட்டெழுதவும், கணக்குப் பதியவும், நிரல் எழுதிப் பழகவும், பாடக் காணொளிகளைப் பார்க்கவும் தனிக் கார்டு தேவையில்லை. இன்டெல் நிறுவனம் 2011 முதல் வெளியிட்ட பெரும்பாலான மேசைக் கணிப்பொறிச் செயலிகளுக்குள்ளேயே வரைகலைப் பகுதி அமைந்திருக்கிறது. பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்தைக் கொண்ட செயலிகளில் அது இராது. ஆகையால் எட்டுக் கணிப்பொறிகளுக்கும் எட்டுக் கார்டுகள் என்ற மாணவர் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. ப்ளெண்டரில் முப்பரிமாண உருவம் அமைக்கவும், கேடென்லைவ் கொண்டு காணொளி தொகுக்கவும் கற்போர் எத்தனை பேர்? அவர்கள் முறைவைத்து அமர இரண்டு கணிப்பொறிகள் போதும்.

இனி உரையின் உயிர்நிலைக்கு வருகிறேன். நம் கணிப்பொறிகள் லினக்ஸில் இயங்குபவை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவடைந்தது. நம்மிடமுள்ள பழைய அலுவலகக் கணிப்பொறிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்டன. எனவே டெபியன் லினக்ஸை நிறுவினோம். லினக்ஸுக்குக் கார்டு வாங்குவோர் வேகத்தையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டிரைவர் என்பது கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று பேசும் மொழிபெயர்ப்பாளர் என்று கொள்ளலாம். அம்மென்பொருளின் மூலம் திறந்த நிலையில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இடம்பெற்றிருந்தால், கெர்னல் புதுப்பிக்கப்படும் போதெல்லாம் அதுவும் உடன் பேணப்படுகிறது. தயாரித்த நிறுவனம் மட்டும் மூடி வைத்திருக்கும் டிரைவராயின், அந்நிறுவனம் போதும் என்று சொல்லும் நாளே கார்டின் கடைசி நாளாகிவிடக்கூடும். வசதி படைத்தவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கார்டை மாற்றுகிறார். அவருக்கு இது பெரிதன்று. நாமோ ஒரு பொருளை வாங்கினால் பத்தாண்டு வைத்திருப்போம். டிரைவரின் ஆயுளையும் சேர்த்தே நாம் விலை பேச வேண்டியிருக்கிறது.

2012-ஆம் ஆண்டில் கடைக்கு வந்த இரு கார்டுகளை எடுத்துக்கொள்வோம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரேடியான் எச்.டி. 7970 ஜனவரியில் வந்தது. என்விடியா நிறுவனத்தின் ஜி.டி.எக்ஸ். 680 மார்ச்சில் வந்தது. இரண்டும் அந்நாளில் உயர்ந்த விலைக்கு விற்றவை. ஆற்றலிலும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. என்விடியா கார்டுக்குக் கிடைத்த இறுதி டிரைவர் 470 என்னும் வரிசை. அதற்கான ஆதரவு 2024-இல் நின்றுவிட்டது. வெளியார் சிலர் முயன்று எழுதிய நூவோ என்னும் திறந்த டிரைவர் அக்கார்டை இயக்கும் என்பது உண்மையே. ஆனால் முழு வேகம் பெறக் கையால் திருத்தியாக வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனமும் தன் கார்டுக்கு விண்டோஸ் டிரைவர் வெளியிடுவதை 2021-இல் நிறுத்திக்கொண்டது. வணிகப் போக்கில் இருவரும் ஒருவரே. ஆனால் லினக்ஸில் நிகழ்ந்தது வேறு. மூலம் திறந்திருந்த காரணத்தால், வால்வ் என்னும் விளையாட்டு நிறுவனத்திற்காகப் பணிபுரியும் பொறியாளர் ஒருவர் அப்பழைய கார்டுகளுக்குரிய குறைகளைக் களைந்தார். 2026 பிப்ரவரியில் வெளிவந்த 6.19 கெர்னலில் அவை புதிய ஏ.எம்.டி.ஜி.பி.யு. டிரைவருக்கே இயல்பாக மாற்றப்பட்டன. பதினான்கு ஆண்டுக்கு முந்திய கார்டு, தயாரித்தவர் கைவிட்ட பின்னும் புதிய டிரைவரைப் பெற்றது.

இது தற்செயலாக வந்ததன்று. ஏ.டி.ஐ. நிறுவனத்தை 2006-இல் வாங்கிய ஏ.எம்.டி., அடுத்த ஆண்டே சில்லுகளின் தொழில்நுட்பக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கியது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் கூட்டத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவின் ஒத்துழையாமையைக் கடிந்து, அவையில் நான் செய்துகாட்ட இயலாத கைச்சைகை ஒன்றையும் செய்தார். 2022 மே மாதத்தில் அந்நிறுவனமும் தன் கெர்னல் பகுதியின் மூலத்தை வெளியிட்டது. ஆயினும் அது டூரிங் என்னும் 2018-ஆம் ஆண்டுத் தலைமுறைக்கும் அதன் பின் வந்தவற்றிற்குமே பொருந்தும். டிரைவரின் ஏனைய பெரும்பகுதி இன்னும் மூடியே இருக்கிறது. ஏ.எம்.டி., இன்டெல் கார்டுகளும் முற்றிலும் திறந்தவை அல்ல என்பதையும் மறைக்கலாகாது. சில்லுக்குள் ஏற்றப்படும் பர்ம்வேர் மூடியதே. டெபியன் குழுவினர் 2022-இல் வாக்கெடுத்து, அத்தகைய பர்ம்வேரைத் தம் நிறுவல் தொகுப்பிலேயே சேர்க்க இசைந்தனர். அதனை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு. வகுப்பு நடந்தாக வேண்டுமே என்பது என் பக்கம்.

மலிவு என்று சொல்லிக் கடைகளில் நெடுங்காலம் விற்கப்பட்ட ஜி.டி. 710, ஜி.டி. 730 ஆகியவற்றை வாங்காதீர்கள். முன்னது மேற்சொன்ன ஜி.டி.எக்ஸ். 680-இன் தலைமுறையைச் சேர்ந்தது. பின்னதில் ஒரே பெயரில் இரு தலைமுறைச் சில்லுகள் விற்பனையாயின. பெட்டியைப் பார்த்து எது என்று அறிவது அரிது. பழைய சாமான் சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் ஜி.டி.எக்ஸ். 1050, 1060 முதலியனவற்றிற்கும் 580 வரிசையே இறுதி டிரைவர் என 2025-இல் அறிவித்துவிட்டார்கள்.

அவ்வாறாயின் எது? நம் கணிப்பொறிகளின் கேபினெட் குறுகியது. முழு உயரக் கார்டு உள்ளே செல்லாது. எஸ்.எம்.பி.எஸ். சிறியது, கார்டுக்கெனத் தனி மின் இணைப்பு அதில் இல்லை. மதர்போர்டின் துவாரம் தரக்கூடிய மின்சாரம் 75 வாட் அளவே. இவ்வளவுக்கும் உட்பட்டு வருவது ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400. 2022-இல் வெளிவந்தது, 4 ஜிபி நினைவகம், 53 வாட், குறு உயர வடிவிலும் கிடைக்கிறது. குறைகள் இரண்டு. மதர்போர்டுடன் நான்கு தடங்களில் மட்டுமே பேசுவதால் நம்முடையது போன்ற பழைய போர்டுகளில் சற்று வேகம் குறையும். காணொளியைச் சுருக்கிப் பதியும் பகுதி அச்சில்லில் இல்லை. அவ்வேலையைச் செயலியே செய்தாக வேண்டும். இன்டெலின் ஆர்க் ஏ380 அதனைச் சிறப்பாகச் செய்யும். ஆனால் ரீசைசபிள் பார் என்னும் வசதி இல்லாத போர்டில் அது தளர்ந்துவிடும். நம் போர்டுகளில் அவ்வசதி இல்லை. வீட்டில் பெரிய கேபினெட்டும் தக்க எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உள்ள மாணவர்கள் 8 ஜிபி கொண்ட ஆர்.எக்ஸ். 6600-ஐத் தேடலாம், அதற்கு 132 வாட் வேண்டும்.

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் துறையில் பயில விரும்புவோர்க்கு என்விடியாவின் கூடா என்னும் முறை ஏறத்தாழ இன்றியமையாததாக இருக்கிறது. பிழைப்புக்கு அது வேண்டுமென்றால் கொள்கை பேசிக்கொண்டிராமல் டூரிங் தலைமுறைக்குக் கீழே இறங்காமல் வாங்குங்கள். ஜி.டி.எக்ஸ். 1650 அவ்வரிசையில் எளியது. 4 ஜிபியில் பாடம் பழகலாம். பெரிய மாதிரிகளை ஓட்ட முடியாது.

பழைய கார்டு வாங்குவதைப் பற்றி. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் எத்திரியம் என்னும் மின்பணம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதனை ஈட்ட இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. ஆர்.எக்ஸ். 570, 580 ஆகியவை அவ்வாறு வந்தவற்றில் மிகுதி. டிரைவர் வகையில் அவை நல்ல கார்டுகளே. ஆனால் விசிறி தேய்ந்திருக்கும், உள்ளே பசை காய்ந்திருக்கும், சிலவற்றில் பயாஸையும் மாற்றியிருப்பார்கள்.

இதில் நானே ஏமாந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகன் கல்லூரி விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை என்னிடம் கொடுத்து, மாமா, நீங்களே பார்த்து வாங்குங்கள் என்றான். இணையத்தில் ஒரு கார்டு வியக்கத்தக்க மலிவில் கிடைத்தது. ஒட்டியிருந்த சீட்டில் 4 ஜிபி என்றிருந்தது. பணம் அனுப்பினேன். வந்த கார்டை மாட்டிக் கெர்னலின் தொடக்கக் குறிப்பைப் பார்த்தபோது சில்லின் பெயர் வேறாக இருந்தது. ஐந்தாறு ஆண்டு முந்திய சில்லுக்குப் புதிய பெயரைப் புகுத்தி விற்றிருக்கிறார்கள். விற்றவரின் எண் அதன் பின் எடுக்கப்படவேயில்லை. பரவாயில்லை மாமா என்று பையன் சொன்னான். அந்த ஆண்டு அவன் ப்ளெண்டர் கற்கவில்லை. கடைக்கு நேரில் சென்று, மாட்டிப் பார்த்த பின் பணம் கொடுத்திருந்தால் இது நேர்ந்திராது.

ஆகவே நம் குழு ரிச்சி தெருவுக்குச் செல்லும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். டெபியன் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று என்னிடம் இருக்கிறது. நிறுவாமலேயே அதிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கலாம். கடைக்காரரின் கணிப்பொறியில் அந்தக் கார்டை மாட்டச் சொல்லி, 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையால் எந்தச் சில்லு, எந்த டிரைவர் என்று பாருங்கள். ஜிஎல்மார்க் 2 என்னும் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டித் திரையில் கோடுகள் விழுகின்றனவா, விசிறி அலறுகிறதா என்று கவனியுங்கள். இதற்கு இசையாத கடையாயின் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்னறையில் இருப்பேன். நம் கணிப்பொறி ஒன்றின் மூடியைக் கழற்றி, துவாரத்தின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அளவு நாடா கொண்டுவந்தவர் யாரேனும் உடன் வாருங்கள்.