வலுக்குன்றிய உடலும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும்

(டெங்கில் வட்டார மக்களிடையே ஆற்றிய உரை)



பெராங் புசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களின் இடத்தில் புத்ராஜெயா எழுந்தபோது, தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் உங்களுள் பலர். நெருங்கி வாழும் இடத்தில் ஒருவரது இருமல் ஊராரின் இருமலாகிவிடும். 1918ஆம் ஆண்டின் சளிக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பெருகும் இந்நோய் நம் நாட்டில் ஆண்டு முழுவதும் உண்டு.

தடுப்பூசி போட்ட இரண்டு வாரங்களில், கிருமியை எதிர்க்கும் பொருள்கள் இரத்தத்தில் உருவாகின்றன. நல்ல உடல்நிலை உடையோர்க்கு இது பொருந்தும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நிலை வேறு. 1975ஆம் ஆண்டு கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய அச்சிகிச்சையால் பலர் வாழ்வு பெற்றனர். ஆயினும், பிறர் தந்த சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை அவர்கள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். அடக்கப்பட்ட உடல் தடுப்பூசிக்கும் மெல்லத்தான் விடையளிக்கும். புற்றுநோய் மருந்து பெறுவோர், எச்.ஐ.வி. கிருமியால் வெள்ளணுக்கள் குறைந்தோர் நிலையும் இதுவே.

அப்படியானால் ஊசி வீண்தானே என்று சிலர் கேட்கின்றனர். வீணன்று. அரைகுறைக் காப்பும் நோயின் கடுமையைத் தணிக்கக்கூடும். ஊசியால் மாற்றுச் சிறுநீரகம் கெடும் என்னும் அச்சத்தையும் ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. அது நோயைத் தராது. மூக்கில் தெளிக்கும் மருந்தில் உயிருள்ள கிருமி உண்டாதலின், அது இவர்களுக்கு ஆகாது. ஐந்து வாரம் கழித்து மற்றோர் ஊசி போட்டால் காப்பு உயர்வதை 2017இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று காட்டிற்று. அது வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

காலமும் கவனிக்கத்தக்கது. புற்றுநோய் மருந்து தொடங்க இரண்டு வாரத்துக்கு முன்பே ஊசி போடுவது நன்று.

நோயாளியின் உடல் செய்யவியலாததை வீட்டார் செய்யலாம். மனைவி, மக்கள், பள்ளிக்குச் சென்றுவரும் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டால், கிருமி அவரை அணுகும் வழி குறுகும். கிருமி உருமாறுவதால் ஆண்டுதோறும் போடுதல் வேண்டும்.

ஊசி போட்டவராயினும் காய்ச்சல் கண்டால் காத்திருக்கலாகாது. சளிக்காய்ச்சலுக்குரிய மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். கிளினிக்கில் நுழைந்ததும், தாம் உட்கொள்ளும் மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும்.