வானோடியின் கைக்கடிகாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் பேச அறிஞர் பலர் கூடியிருக்கும் இம்மேடையில், கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேச நாம் எழுந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இத்தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் பீரோவைத் திறந்து பார்த்தால், பட்டுப் புடவைகளுக்கும் பழைய வங்கிக் கணக்குப் புத்தகங்களுக்கும் இடையே ஒரு கடிகாரம் உறங்கக் காணலாம். கரிய முகப்பு, வெள்ளை எண்கள், தடித்த முட்கள். விமானப் படையிலோ விமானப் போக்குவரத்திலோ பணியாற்றிய தந்தையார் அல்லது பாட்டனார் அணிந்தது அது. அதனை விற்பதா, அப்படியே வைப்பதா, மீண்டும் ஓட்டுவதா என்ற வினா பல இல்லங்களில் எழுந்துள்ளது. ஓரிரு இல்லங்களில் உடன்பிறந்தாரிடையே மனக்கசப்பையும் விளைத்துள்ளது. அது குறித்தே நாம் இன்று பேசக் கருதினோம்.

காலத்தை அளப்பது தமிழர்க்குப் புதிதன்று. குறுநீர்க்கன்னல் என்னும் நீர்க்கடிகாரத்தைச் சங்கப் பாடல்கள் அறியும். நாழிகை என்பது 24 நிமிடம் என்று நம் வீட்டுப் பாட்டிமாரும் அறிவர். 1906-ஆம் ஆண்டில் இந்தியப் பொது நேரம் வழக்கிற்கு வருமுன், இந்நாட்டின் இருப்புப் பாதைகள் சென்னை நேரத்தையே பின்பற்றி ஓடின என்பதைச் சற்றுப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். இன்று இந்தியப் பொது நேரத்தைக் காத்துவரும் தேசிய இயற்பியல் ஆய்வகம், கரோல் பாக்கிற்கு அண்மையில், பூசாவில் உள்ளது. அதன் முதல் இயக்குநர் யார்? தென்பாண்டிச் சீமையின் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்களே. அவர் பெயர் தாங்கிய சாலை வழியே பேருந்தில் செல்வோருள் எத்தனை பேர் இதனை நினைக்கின்றனரோ!

இனி வானோடிக்கு வருவோம். பிரேசில் நாட்டு வானோடி சான்டோஸ் துமோன், பறக்கும்போது சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்க இயலவில்லை என்று கூற, பாரிசு நகரத்து நகை வணிகர் லூயி கார்த்தியே 1904-இல் அவருக்கென ஒரு கைக்கடிகாரம் செய்தளித்தார் என்பர். அதற்குப்பின் வந்த கடிகாரங்கள் வெறும் அணிகலன்கள் அல்ல, வழிகாட்டும் கருவிகள். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளைச் சுமந்து பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொணர்ந்தார். இன்றுள்ள வழிகாட்டிக் கருவிகள் இல்லாத அந்நாளில் திசை, வேகம், சென்ற நேரம் ஆகிய மூன்றையும் கொண்டே வானோடி தான் இருக்கும் இடத்தைக் கணித்தான். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு ஒரு நிமிடப் பிழை ஐந்து கிலோமீட்டர்ப் பிழையாகும். இறங்குதளத்தைக் காணாமலே கடந்துவிடுவான். முகப்பு கரியதாகவும் எண்கள் பெரியனவாகவும் இருப்பதன் காரணம் இதுவே. 1948-இல் பிரிட்டிஷ் விமானப் படைக்கெனச் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட 'மார்க் 11' என்னும் கடிகாரத்தில், விமானக் கருவிகளின் காந்தம் தாக்காதவாறு இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்புக் கவசம் ஒன்றையும் வைத்தனர்.

அத்தகைய சுவிஸ் கடிகாரம் எல்லோர்க்கும் எட்டுவதன்று. நம் நாட்டில் எளியோர் கைக்கும் எட்டியது எச்.எம்.டி. நிறுவனத்தின் 'பைலட்' ஆகும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூடி 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிலைத் தொடங்கிய நிறுவனம் அது. பைலட் 17 கல் வைத்தது. நாள்தோறும் சாவி கொடுப்பது. கல் என்றவுடன் விலையுயர்ந்த மாணிக்கம் என்று மயங்குவோர் உண்டு. அவை செயற்கைக் கெம்புகள். அச்சுகள் தேயாமல் சுழலும்பொருட்டு வைக்கப்படுபவை. 2016-இல் நடுவண் அரசு அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட முடிவு செய்தது. ஆகவே சுவிஸ் ஆயினும் பெங்களூர் ஆயினும் பழைய கடிகாரம் வைத்திருப்போரின் கவலை இன்று ஒன்றே: உறுப்பு ஒன்று பழுதானால் மாற்று எங்கே கிடைக்கும்?

அதன் உள்ளே நிகழ்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாவி கொடுக்கையில் ஒரு விற்சுருள் இறுகுகிறது. அது தளரும் விசையைப் பற்சக்கரங்கள் ஏற்று, மயிரினும் மெல்லிய சுருளோடு கூடிய ஆடுசக்கரத்துக்கு அளிக்கின்றன. பைலட் போன்ற கடிகாரத்தில் அது நொடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் துடிப்பு! நாளொன்றுக்கு அரை நிமிடம் பிந்தினால் முகம் சுளிக்கிறோம். மூவாயிரம் பங்கில் ஒரு பங்குப் பிழை அது. நாம் செய்யும் எந்தக் காரியத்தில் அத்துணைச் செம்மை உண்டு? 1969 இறுதியில் ஜப்பானின் சீக்கோ வெளியிட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரம் இதனினும் பன்மடங்கு செம்மையுடையது என்பது உண்மையே. நம் ஓசூரில் எழுந்த டைட்டன் ஆலையும் அவ்வழியிலேயே சென்றது. துல்லியம் ஒன்றையே வேண்டுவோர் பழங்கடிகாரத்தைத் தொட வேண்டுவதில்லை.

வேண்டுவோர் செய்யத்தக்கன சில. காலையில் ஒரு குறித்த வேளையில் சாவி கொடுங்கள். தடை தட்டியதும் நிறுத்துங்கள். ஓடாமல் வைத்திருந்தால் கெடாது என்று எண்ணுதல் தவறு. உள்ளிருக்கும் எண்ணெய் உலர்ந்து பிசினாகிவிடும். அந்நிலையில் திடீரென ஓட்டினால் அச்சுகள் தேயும். ஆதலின் நெடுநாள் உறங்கிய கடிகாரத்தை முதலில் துப்புரவு செய்து எண்ணெயிட்ட பின்னரே ஓட்டுதல் வேண்டும். அணிந்து வருவோர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இதனைச் செய்தல் நலம். தில்லியின் வைகாசி ஆனிப் புழுதிக் காற்றை நாம் சொல்ல வேண்டா. பழைய கடிகாரத்தின் ரப்பர் வளையம் உலர்ந்து வெடித்திருக்கும். அவ்வழியே புழுதியும், அதன்பின் மழைக்கால ஈரமும் புகும். அந்நாட்களில் அதனை வீட்டில் விட்டுச் செல்லுதலே அறிவுடைமை. கைப்பேசி, ஒலிபெருக்கி, காந்தப் பூட்டுள்ள கைப்பை ஆகியவற்றின் அருகே வைக்கலாகாது. திடீரெனப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால் காந்தம் ஏறிற்றோ என ஐயுறலாம். அதை நீக்குதல் சிறிது நேர வேலையே.

தாய்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இருளில் ஒளிரும்பொருட்டு 1960-கள் வரையிலான பல கடிகாரங்களின் முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இட்டனர். 1920-களில் அமெரிக்காவில் இப்பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியை இதழால் கூராக்கியமையால் கொடிய நோயுற்று மாண்டனர். இன்று அம்முட்கள் ஒளிராமல் இருக்கலாம். பூச்சிலுள்ள ஒளிரும் பொருள் தேய்ந்தது, ரேடியம் தேயவில்லை. அது பாதியாகக் குறைவதற்கே 1600 ஆண்டு ஆகும். கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிதும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் தலைமாட்டில் வைத்து உறங்க வேண்டா. குழந்தைகள் அதைத் திறந்து விளையாட ஒருபோதும் இடங்கொடாதீர்கள். உதிர்ந்த தூள் உடலினுள் புகுவதே பெருந்தீங்கு. பழுது பார்ப்பவரிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பின்னர் வந்தவற்றில் முகப்பின் அடியில் 'டி' என்னும் குறி இருக்கும். அது டிரிடியம், பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்று மேலானால் பாதியாகிவிடும் எளிய பொருள்.

புதுப்பித்தல் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் மூத்தவர் விற்க விரும்பினார். இளையவர் புத்தம் புதிதாக்கி அணிய விரும்பினார். இளையவர் எண்ணமே நிறைவேறிற்று. கடையில் முகப்புக்குப் புது வண்ணம் தீட்டினர், முட்களை மாற்றினர், பின்மூடியில் பொறித்திருந்த எண் மறையுமளவு தேய்த்து மெருகேற்றினர். அன்னையார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அப்பாவுடையதுதானா?" என்று கேட்டார்களாம். இளையவர் விடை கூறவில்லை. வாங்குவோர் கண்ணிலும் அதன் மதிப்புக் குறைந்தது என்பது வேறு. இயந்திரத்தைச் செம்மை செய்யுங்கள். முகத்தைத் தொடாதீர்கள் என்பதே நம் கருத்து.

இவ்வேலை அறிந்தோர் அருகி வருகின்றனர். கடீசாஸ் என்று இந்நகரத்தார் அழைக்கும் அம்முதியவர்கள், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்திச் சிறு மேசையின் முன் அமர்ந்திருப்பதைப் பழைய கடைவீதிகளில் இன்னும் காணலாம். பலருடைய மைந்தர்கள் கைப்பேசி பழுது பார்க்கச் சென்றுவிட்டனர். கூலி மிகுதி என்று அவர்களிடம் வாதாடுவோரைக் கண்டால் நமக்கு வருத்தமாக இருக்கிறது. புதிய குவார்ட்ஸ் கடிகாரத்தின் விலையினும் கூலி மிகலாம், மிகட்டும். துப்புரவு செய்த நாள், மாற்றிய உறுப்பு, செய்தவர் பெயர், அணிந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வைத்துவிடுங்கள். மூத்தவருக்கா இளையவருக்கா என்பதையும் உடையவர் தம் கையாலேயே அத்தாளில் எழுதிவிட்டால் பின்னர் வழக்கில்லை.

மண்டப வாயிலின் வலப்புறத்து மேசையில் திசைகாட்டி ஒன்று வைத்துள்ளோம். பழைய கடிகாரம் அணிந்து வந்திருப்போர் உணவுக்குச் செல்லுமுன் அதனருகே பிடித்துப் பார்க்கலாம். ஆடுசக்கரத்தின் துடிப்புக்கு ஏற்பத் திசைகாட்டியின் ஊசியும் நடுங்குமாயின் காந்தம் ஏறியுள்ளது என்று கொள்க.