படுக்கை எண்ணும் மனிதரின் பெயரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு நின்று, ரயில்வே பார்சல் ஆபீசில் கணக்கெழுதும் எளியேன் நான். விழா நாளில் மரணத்தைப் பற்றிப் பேசலாமா என்று ஐயுற்றேன். முதியோர் இல்லாத வீடு நம் காலனியில் சிலவே, ஆதலின் துணிந்தேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

என் தந்தையார் 1968-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கரக்பூர் வந்து, ரயில்வே பணிமனையில் பிட்டராகச் சேர்ந்தவர். 2019-இல் புற்றுநோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தார். ஐம்பது ஆண்டுகள் பேசிய வங்கமும் இந்தியும் கடைசி நாட்களில் அவர் நாவை விட்டு நீங்கின. தமிழ் மட்டுமே எஞ்சியது. அங்கிருந்தோர் அவரைப் 'பதினேழாம் படுக்கை' என்றே அழைத்தனர். அவர்களை நோவதில் பயனில்லை. அவர் யார் என்று நானும் அவர்களுக்குச் சொல்லவில்லையே!

ஓரிரவு, "வாய்க்கால், மருதமரம், சங்கரி" என்று திரும்பத் திரும்பக் கூறினார். சங்கரி என்பது யார்? உறவினரா, தோழியா, வளர்த்த பசுவா? காலையில் கேட்கலாம் என்றிருந்தேன். காலையில் அவருக்குப் பேச்சில்லை. முகவரிச் சீட்டு கிழிந்த மூட்டையைப் பார்சல் ஆபீசில் காணும்போதெல்லாம் அந்த இரவே என் நினைவுக்கு வருகிறது.

அன்பர்களே, இத்துயரைத் தவிர்க்க வழியுண்டு. கனடா நாட்டு வின்னிபெக் நகரத்து மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் என்பார் ஒரு முறையை வகுத்தார். மரணத்தை நெருங்கியவரிடம், 'உமது வாழ்வில் எதைப் பெரிதாகக் கருதுகிறீர்? உம்மைப் பற்றி உம் மக்கள் எதை அறிய வேண்டும்?' என வினவுவர். விடைகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் வடித்து, அவருக்கே படித்துக் காட்டித் திருத்துவர். பின்னர் அவர் விரும்பியவரிடம் ஒப்படைப்பர். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 100 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. அவர்களுள் 91 பேர் மனநிறைவு தெரிவித்தனர்.

இதற்குக் கனடா செல்ல வேண்டுவதில்லை. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய நோய்த்தணிப்புச் சங்கத்தின் வழியில், கேரளத்தில் அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகி நோயாளியின் வீடு சென்று அருகமர்ந்து பேசுகின்றனர். நம் சங்கத்து இளைஞர்களால் இயலாதா?

வீட்டுக்கொரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பிறந்த ஊர், தோழர், முதல் சம்பளம், செய்த தொழில், பட்ட துன்பம் ஆகியவற்றைப் பெரியோர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கைப்பேசியில் குரலையும் பதியுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்த வேண்டா. மருத்துவமனை செல்ல நேரின், அவரை எவ்வாறு அழைப்பது, எம்மொழி பேசுவார், எந்த உணவை விரும்புவார், எதைக் கேட்டால் அமைதியுறுவார் என்று ஒரு தாளில் அவ்வூர் மொழியில் எழுதிப் படுக்கையருகே ஒட்டுங்கள். நம்மைப்போல் ஊர்விட்டு வந்தோர்க்கு இது இன்றியமையாதது. அவர் பிறந்த ஊரை அறிந்தவர் இங்கே வேறெவரும் இலர். நம் பிள்ளைகளும் அதைக் கண்டதில்லை.

உடல் நலமாக இருக்கும்போதே தொடங்குங்கள். என் தாயாரிடம் இவ்வாண்டு நான் நோட்டுடன் அமர்ந்தேன். "அடுப்பையும் பிள்ளைகளையும் விட்டால் என்னிடம் எழுத என்னப்பா இருக்கு?" என்றார். பின்னர் இரண்டு மணி நேரம் பேசினார். சங்கரி யாரென்று அவரும் அறியார். ஆனால், என் தாயாரைப் பற்றி நான் அறியாதிருந்தவை பதினொரு பக்கங்கள் நிறைந்தன.

இன்றிரவு இல்லம் திரும்பியதும், உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். காலையில் கேட்கலாம் என்று இராதீர்கள்.