எண்ணுக்குள் வராதவர்கள்



மருந்தகத்தின் ஏடு வந்தவரை மட்டுமே அறியும். தடுப்பூசிக்கு வராதவரை அறிய வேண்டுமெனில், அவ்வேட்டைப் பிறப்புப் பதிவோடும் பள்ளிப் பதிவோடும் இணைத்துப் பார்த்தாக வேண்டும். மலேசியாவில் அவ்விணைப்புக்கு ஏற்ற திறவுகோல், பிறப்புப் பத்திரத்திலேயே இடம்பெறும் 12 இலக்க அடையாள எண்.

2021 பிப்ரவரி 24இல் கோவிட்-19 தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. மைசெஜாத்ரா செயலி முதலிய வழிகளில் பதிந்தோர் எண்ணிக்கை மாநிலந்தோறும் வெளியாயிற்று. பதிய இயலாதோர் அக்கணக்கில் இல்லை.

பாகான் செராய் போன்ற, தோட்டப்புறம் சூழ்ந்த ஊர்களில் நாம் எழுப்ப வேண்டிய வினா இதுவே: பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளை எந்த ஏட்டில் இருக்கிறது? எத்தனை ஏடுகளை இணைத்தாலும், எதிலும் இல்லாத பெயர் தோன்றாது. ஆனால் நோய் பத்திரம் பார்த்து வருவதில்லை. 27 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில் சபாவில் இளம்பிள்ளைவாதம் மீண்டும் தலைகாட்டியதை நாம் மறத்தலாகாது.

இணைந்த தரவு, வீடு தேடிச் செல்லும் தாதிக்கு வழிகாட்ட வேண்டும். எவரையும் பிடித்துக்கொடுக்கப் பயன்படலாகாது. அவ்வுறுதி இல்லையேல், ஆவணமற்றோர் மருந்தகத்தை அஞ்சி ஒதுங்குவர்.

பத்திரமில்லாப் பிள்ளையின் பெற்றோரைத் தேசியப் பதிவிலாகாவுக்கு ஆற்றுப்படுத்துவதும் தடுப்பூசிப் பணியே. அதனை ஆசிரியர் தொடங்கலாம்.