பேரக்குழந்தையும் வயிற்றுப்போக்கும்

பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பியதும் பேரக்குழந்தை உங்கள் மடிக்கு வந்துவிடுகிறது. அதனால் இதை உங்களிடமே சொல்கிறோம்.

"பல் முளைக்கிறது, வயிறு போகத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆனால் கைக்குழந்தையின் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பல நேரங்களில் ரோட்டா கிருமியே காரணம். அமெரிக்காவில் அது குளிர்காலத்தில் பரவத் தொடங்கும். ஆண்டுக்கு 55,000 முதல் 70,000 குழந்தைகள்வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2006ல் புதிய தடுப்பு மருந்து வந்தபின் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது. இங்கே எந்த மாதத்திலும் தொற்றலாம்.

இந்த மருந்து ஊசியல்ல; வாயில் புகட்டுவது. முதல் தவணையைப் பொதுவாக 15 வாரம் ஆகுமுன் கொடுத்துவிட வேண்டும். குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருந்தால் வாய்ப்பு போய்விடும். பலதுறை மருந்தகத்திலோ குழந்தை மருத்துவரிடமோ இப்போதே கேட்கச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மருத்துவர் சொன்னபடி உப்புச்சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வெறும் பார்லித் தண்ணீர் அதற்கு ஈடாகாது. "உச்சி விழுந்துவிட்டது" என்று விளக்கெண்ணெய் வைப்போம், இல்லையா? உச்சிக்குழி உள்வாங்குவது உடலில் நீர் வற்றியதன் அடையாளம். எண்ணெயால் அது சரியாகாது. அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது டயாப்பர் நனைந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார்.